கூலிவாளுக்கு ஒரு சாதகம்

எட தம்பி, உன்ர விளையாட்டுக்கு நீ உண்டாக்கி வைச்சிருக்கிற வீரனைப் பற்றிக் கொம்மா எனக்கு வாசிச்சுக் காட்டினவ. வடக்குக் கடலோடிக் குலத்தில பிறந்தவனாம். பிறந்த இரவு வானம் பிளந்து இடி விழுந்ததாம். பத்து வயசில எதிரியள் ஊரை எரிச்சுப் போட்டாங்களாம். அண்டையில இருந்து சிரிக்காமல், முழுகாமல், கோடாலியைத் தோளில போட்டுக்கொண்டு தேசம் தேசமாய்ப் போய்க் காசுக்குச் சண்டை பிடிக்கிறானாம். தலையில கொம்பு வைச்ச இரும்புத் தொப்பி வேறை.

வடிவாய்த்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ராசா, ஆடி அமாவாசைக்குச் சனம் திரண்டு வந்து இறங்கிற கீரிமலைக் கேணிக்குப் பக்கத்தில இருந்துகொண்டு முழுகாத ஒருத்தனை உண்டாக்கினியே, அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. நான் பள்ளிக்கூடத்தில படிச்சது ஐஞ்சாம் வகுப்பு மட்டும். மிச்சமெல்லாம் வாசிகசாலை வாங்கில குந்தியிருந்து படிச்சது. கோபிக்காமல் கேட்டால் நாலு புத்தி சொல்லுவன். கோபிச்சாலும் சொல்லுவன்.

முதலில அந்தக் கொம்பைக் கழட்டு. வைக்கிங் ஒருத்தனும் கொம்புத் தொப்பியோட சண்டைக்குப் போனதுக்குச் சாட்சி இல்லை. 1876 இல ஜேர்மனியில வாக்னர் எண்டவற்ற இசைநாடகத்துக்கு உடுப்பு அமைச்ச டெப்ளர் எண்ட ஓவியர் மேடை வடிவுக்காக வைச்சுவிட்ட சோடினை அது. வள்ளத்துக்குள்ள குனிஞ்சு தண்ணி இறைக்கிறவனுக்குத் தலையில கொம்பிருந்தால் பக்கத்தில தண்டு வலிக்கிறவன்ர கண் என்ன ஆகிறது? கடலுக்கு இறங்காதவன் கடலோடியை எழுதினால் கொம்பு முளைக்கும்தான்.

விசித்திரம் வேணுமெண்டால் அதுக்கு நோர்வே மட்டும் போகத் தேவையில்லை. கீரி முகத்தோட வந்த முனிவர் இந்தத் தண்ணியில முழுகி முகம் மாறினவர். குதிரை முகத்தோட வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் முழுகி முகம் திருந்தி, அந்த நன்றிக்கு மாவிட்டபுரத்தில முருகனுக்குக் கோயில் கட்டுவிச்சவ. ஐதீகம்தான், ஆனால் இஞ்ச பால்குடிக்கும் தெரியும். மாயத்துக்கு எங்கட ஊரில ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. உன்ர வீரனுக்குக் குறைவாய் இருக்கிறது மாயமில்லை மோனை, கணக்கு.

சாத்திரியார் சாதகம் எழுத முதல் பிறந்த நேரம் கேப்பார். கூலிக்கு வாள் தூக்கிறவன் தாய் வயித்தால விழுந்த நேரத்தைப் பாத்து ஒரு பலனும் சொல்லேலாது. அவனுக்கு வர வேண்டிய காசு எப்ப வராமல் போச்சுது, அல்லது அவன் குடுக்க வேண்டிய காசு எப்ப கழுத்தைப் பிடிச்சுது எண்டு கேள். அதுதான் அவன் பிறந்த நேரம். இடியும் மின்னலும் பேந்து பாட்டுக்காரர் சேத்தது.

நீ ஆசைப்படுகிற அதே வடக்கத்தியானையே எடு. கீவ் நகரத்து விளாடிமிர் 980 ஆம் ஆண்டளவில வடக்குக் கடலோடியளைக் கூலிக்குப் பிடிச்சு அண்ணனை வெண்டு கதிரையில ஏறினவன். ஏறினவுடன அவங்கள் கணக்குக் கேட்டாங்கள். இவன் ஒரு மாசம் பொறுங்கோ எண்டான். மாசம் முடிஞ்சுது, காசு வரேல்லை. பேந்து என்ன செய்தான் தெரியுமோ? நல்லதாய்க் கொஞ்சப் பேரைத் தன்னோட வைச்சுக்கொண்டு மிச்சப்பேரைக் கொன்ஸ்தாந்திநோப்பிள் சக்கரவர்த்தியிட்டத் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டவன், முன்னுக்கே ஆளனுப்பி, உவங்கள் வாறாங்கள், நகரத்துக்குள்ள ஒண்டாய் வைச்சிருக்காதையும், நாலு திக்கிலயும் பிரிச்சுவிடும் எண்டும் சொல்லி அனுப்பினவன். அந்த நாட்டுப் பழைய வரலாற்று ஏட்டில உள்ள கதை. சம்பளம் குடுக்காத முதலாளி நற்சான்றிதழும் இப்பிடித்தான் எழுதுவான்.

988 இல அதே விளாடிமிர் ஆறாயிரம் பேரை அனுப்ப, அவங்கள்தான் சக்கரவர்த்தியைக் காக்கிற வராஞ்சியர் காவற்படை ஆனாங்கள். பேர் பெரிசு. வேலை என்னெண்டால் கன நேரம் சும்மா நிக்கிறது. கொன்ஸ்தாந்திநோப்பிளில ஆயா சோபியா எண்ட பெரிய கோயிலில, மாடத்துச் சலவைக்கல்லில ஹால்ப்டான் எண்டு ஒருத்தன் தன்ர பேரை வடக்கத்தி எழுத்தில கீறிவிட்டுப் போயிருக்கிறான். 750 ஆம் நம்பர் பஸ் சீற்றில பேர் கீறுற பொடியனும் அவனும் ஒரே இனம். உன்ர வீரன் எந்த நேரமும் கர்ச்சிக்கிறான். அவனை ஒருக்கால் கொட்டாவி விடப் பண்ணு, ஆள் நம்பக்கூடியவனாய் வருவான்.

அந்தப் படையில இருந்தவங்களில பேரெடுத்தவன் ஹரால்ட். 1030 இல அண்ணனோட சேந்து சண்டைக்குப் போய்த் தோத்து, பதினைஞ்சு வயசில காயத்தோட நாட்டை விட்டு ஓடினவன். கீவில ராசாவாய் இருந்த யாரோஸ்லாவிட்டப் போனான், அங்கயிருந்து கொன்ஸ்தாந்திநோப்பிள் போனான், சண்டை பிடிச்சான், கொள்ளையடிச்சான். அடிச்ச காசைத் தன்னோட வைச்சிருக்கேல்லை. ஆள் மேல ஆள் பிடிச்சுக் கீவுக்கு அனுப்பி யாரோஸ்லாவிட்டக் குடுத்து வைச்சவன். பேந்து திரும்பி வந்து அந்தாளின்ர மகளையே கட்டிக்கொண்டு, 1046 இல நோர்வேக்கு ராசாவாய்ப் போனவன். இப்ப சொல்லு, உண்டியலில காசனுப்பி, வைச்சிருந்தவரையே மாமனாக்கிக் காசையும் பெம்பிளையையும் ஒண்டாய் எடுத்தவன் யாழ்ப்பாணத்தானோ நோர்வேக்காரனோ? உன்ர வீரன் உழைக்கிற காசு எங்க போகுது எண்டு உன்ர தாளில ஒரு வரியும் இல்லை. ஊருக்கு அனுப்பாத உழைப்பாளியும் உண்டோ?

சரி, நோர்வேயை விடு. வடக்கில இருந்து கடல்வழி வந்தவன் எண்டு எங்கட தீவில பழைய கணக்கைப் பாத்தால் மகாவம்சத்திலயே இருக்கிறான். சேனன், குத்திகன் எண்டு ரெண்டுபேர். கப்பலில குதிரை கொண்டந்து வித்தவன்ர பிள்ளையள். அநுராதபுரத்துக்குக் குதிரை விக்க வந்த குடும்பம் அநுராதபுரத்தையே பிடிச்சு 22 வருசம் ஆண்டது. நீதியாய் ஆண்டவை எண்டு அந்தப் புத்தகமே எழுதியிருக்குது. அவைக்கு இடியும் இல்லை, எரிஞ்ச ஊரும் இல்லை. சந்தை நிலவரம் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான்.

குலம் எண்டு எழுதினியே, குலத்தில எல்லாரும் கோடாலிக்காரர் எண்டால் ஆர் சோறு காய்ச்சினது? ஆர் பாய் தைச்சது? கடலோடிக் குலம் எண்டால் என்னெண்டு வல்வெட்டித்துறையில போய்ப் பார். 1930 இல அந்த ஊர் மேத்திரிமார் வேப்பமரத்தில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 89 அடி நீளம். றொபின்சன் எண்ட அமெரிக்கக்காரன் ஆசைப்பட்டு வாங்க, வல்வெட்டித்துறைத் தண்டையலும் ஆக்களும் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆம் ஆண்டு ஆவணியில மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில விட்டவை. கூலிக்குத்தான் போனவை. வாள் தூக்கேல்லை, பாய் தூக்கினவை. அத்திலாந்திக் கடலுக்கு அது பெரிய வித்தியாசமாய்த் தெரிஞ்சிராது.

அதுக்கும் முந்தியே எங்கட கடலில சட்டம் இருந்தது. நயினாதீவில பராக்கிரமபாகு ராசான்ர தமிழ்க் கல்வெட்டு ஒண்டு கிடக்கு, பன்னிரண்டாம் நூற்றாண்டு. பரதேச வியாபாரியள் ஊர்காவற்துறைக்கே வர வேணும், வாறவையைக் காக்க வேணும் எண்டிருக்கு. யானை குதிரை ஏத்தி வந்த கப்பல் உடைஞ்சால் நாலில ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூண்டு பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏத்தின கப்பல் எண்டால் சரிபாதி. பாத்தியே, உடைஞ்ச கப்பலுக்கும் கணக்கு. 1344 இல இபுன் பதூதா வந்து ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில கண்டபோது, ராசா முத்துக்குவியலை முன்னால வைச்சுக்கொண்டு இருந்தவர், பாரசீகமும் விளங்கிக்கொண்டவர். முத்து விக்கிறவனுக்கு வாங்கிறவன்ர பாசை தெரிய வேணும். உன்ர குலத்தலைவன் உறுமுறதைத் தவிர வேறை பாசை பேசிறதாய்க் காணேல்லை.

காத்தையும் மறந்துபோனாய். சோளகமும் வாடையும் தெரியாமல் கடலோடி எழுதலாமோ? வாடை எழும்பினால் இந்த வடக்குக் கரையில கடல் பொங்கி நிக்கும். மயிலிட்டியில அண்டைக்குத் தொழிலுக்கு இறங்கேலாது. ஆனால் அடுப்புக்கு வாடையும் தெரியாது சோளகமும் தெரியாது. சம்மாட்டியாரிட்ட முன்காசு வாங்கினவன் வேறை கரைக்குப் போய் வாடி போட்டு உழைச்சுத் தீர்ப்பான். கடன் தீராதவன் ஆர் கூப்பிட்டாலும் போவான். அப்பிடிப் போனவன்ர கையில வலையைக் குடுத்தால் மீன்பிடிகாரன், துவக்கைக் குடுத்தால் படைக்காரன். உன்ர வீரன்ர ஊரை எரிக்கிறதை விட்டுப்போட்டு ஒரு மாரிகாலம் கடலைக் குழப்பிவிடு. கதை தன்ர பாட்டில நடக்கும்.

இனி எங்கட சொந்தக் கூலிவாளுக்கு வாறன். 1617 இல சங்கிலி அரச குடும்பத்து ஆக்களைக் கொலை செய்துபோட்டு நல்லூரில கதிரையைப் பிடிச்சவன். அடுத்த வருசம் ஊருக்குள்ளயே குழப்பம் வந்து ஊர்காவற்துறைக்கு ஓட வேண்டிப் போச்சு. உடன தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிட்ட ஆள் கேட்டான். படையைக் கொண்டு வந்து இறக்கினவன் வருணகுலத்தான். போர்த்துக்கேயப் பாதிரி குவெய்றோஸ் அவனைக் கரையாற்ற ராசா எண்டே எழுதி வைச்சிருக்கிறார். கோடியக்கரையில இருந்து இஞ்ச ஐம்பது கிலோமீற்றர் அளவு கடல்தான். நல்ல காத்துக்கு அது ஒரு முற்றம். சங்கிலிக்குக் கதிரை திரும்பக் கிடைச்சுது, ஆனால் நிலைக்கேல்லை. 1619 இல போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா படையோட வந்து பிடிச்சுக் கோவாவுக்குக் கொண்டுபோக, அங்க அவனுக்கு மரண தண்டனை. ஆள் போன பிறகும் தஞ்சாவூர்ப் படை ரெண்டொரு தரம் வந்து மோதிப் பாத்துத் தோத்தது.

இப்ப உனக்கு ஒரு புதினம் சொல்லுறன். அதே காலத்தில உன்ர வடக்குக் கடலோடியும் எங்கட கடலுக்கு வந்தவன். கதையில இல்லை, உண்மையாய். டென்மார்க்கும் நோர்வேயும் அப்ப ஒரே ராசாவுக்குக் கீழ. அவற்ற கும்பனிக் கப்பல் ஒண்டை 1619 இல காரைக்கால் பக்கம் போர்த்துக்கேயர் அடிச்சு அழிச்சாங்கள். தப்பின தலைவன் றோலண்ட் கிராப்பே கரையேறி, கடைசியில ரகுநாத நாயக்கற்ற வாசலில போய் நிண்டான். 1620 இல ஒவ்வே யெட்ட தலைமையில மற்றக் கப்பல்களும் வந்துசேர, தரங்கம்பாடியில கோட்டை கட்ட உடன்படிக்கை எழுதியாச்சு. இதில பகிடி என்னெண்டால் கிராப்பே டென்மார்க்கான் இல்லை. அவன் ஒல்லாந்தன், டென்மார்க் கொடிக்குக் கீழ சம்பளத்துக்கு வந்தவன். வடக்குக் கொடிக்குக் கூலிக்கு உழைச்ச கடலோடி, கப்பல் உடைஞ்சு, தமிழ்க் கரையில ஏறி, நாயக்கரிட்ட நிண்டு, கோட்டையோட எழும்பினவன். உனக்கு இதுக்கு மேல என்ன வேணும்? அவன்ர பேரைக் கேள்விப்பட்டனியோ? இல்லை. கொம்பு வைக்கேல்லையே, அதால வெளிச்சம் விழேல்லை.

கூலிப்படையை முழுசாய் வாங்கின கதையும் எங்கட தீவில உண்டு. ஒல்லாந்தருக்குக் காவல் நிண்டது டி மெயுறோன் படை. சுவிஸ்காரர், கடலே இல்லாத நாடு. அந்தப் படை ஒரு பிரபுவின்ர சொந்தச் சொத்து. 1795 இல கிளெக்கோர்ன் எண்ட, சென் அன்றூசில வரலாறு படிப்பிச்ச பேராசிரியர், இங்கிலீசுக்காரனுக்காகச் சுவிசுக்கே போய்ப் பிரபுவோட விலை பேசிப் படையை அப்பிடியே வாங்கிப்போட்டார். கொழும்பில படையோட நிண்ட தம்பிக்காரனுக்குச் சேதி போனது ஒரு பாற்கட்டிக்குள்ள ஒளிச்சு எண்டு சொல்லுவினம். ஒல்லாந்தற்ற பாற்கட்டிக்குள்ளயே ஒல்லாந்தனுக்குக் குழி. அடுத்த மாசியில கொழும்பு கைமாறிச்சுது. ஒரு வாளும் உருவாமல் சண்டையை முடிச்ச கூலிப்படை அது. உன்ர விளையாட்டில பாற்கட்டிக்கு எத்தினை புள்ளி?

எல்லாம் காசு எண்டு நான் சொல்லுறதாய் நினையாதை. கேள், இதுதான் முக்கியம். பொலன்னறுவையில முதலாம் விஜயபாகுவுக்குச் சேவகம் செய்தது வேளைக்காரர் எண்ட படை. கனபேர் தமிழர். சோழர் தன்ர தூதரின்ர மூக்கையும் காதையும் அறுத்து அனுப்பிப்போட்டாங்கள் எண்டு ராசா கொதிச்சு, சோழநாட்டுக்குப் படையெடுக்கச் சொன்னார். வேளைக்காரர் போக மாட்டம் எண்டாங்கள். மாட்டம் எண்டதோட நிக்காமல் தளபதியளைக் கொலை செய்து, அரண்மனைக்கும் நெருப்பு வைச்சவங்கள் எண்டு சூளவம்சம் சொல்லுது. தங்கட இனத்துக்கு எதிராய் வாளெடுக்க மனம் வரேல்லை எண்டு வரலாறு எழுதிறவை சொல்லுவினம். சம்பளமும் பிந்தியிருக்குமோ எண்டு என்ர கெட்ட மனம் கேக்குது, அதை விடு. ராசா திரும்பி வந்து குழப்பத்தை அடக்கினார். ஆனால் பார், அந்த ராசா செத்த பிறகு புத்தற்ற தந்தம் இருந்த கோயிலைக் காப்பம் எண்டு அதே வேளைக்காரர் தமிழில கல்லில வெட்டிக் குடுத்திருக்கினம். சொந்த ஆக்களோட சண்டைக்குப் போகாதவங்கள், மற்றவன்ர சாமிக்குக் காவல் நிண்டவங்கள். உன்ர வீரன் எதுக்கும் மாட்டன் எண்டு சொல்லிறதாய் நீ எழுதேல்லை. மாட்டன் எண்டு சொல்லத் தெரியாதவன் வாள் பிடிச்சாலும் அகப்பை பிடிச்சாலும் ஒண்டுதான்.

கடைசியாய் அந்த எரிஞ்ச ஊர். தம்பி, நீ அதை ஒரு வரியில எரிச்சுப்போட்டுக் கடந்து போறாய். 1990 இல நாங்கள் இந்த வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டம். உயர் பாதுகாப்பு வலயம் எண்டு அடைச்சாங்கள். கீரிமலை நகுலேஸ்வரக் கோயிலுக்கும் குண்டு விழுந்தது. கனபேர் இருபது இருபத்தைஞ்சு வருசம் முகாமிலயும் இனசனத்தின்ர விறாந்தையிலயும் கிடந்தவை, இண்டைக்கும் காணி கிடைக்காதவை இருக்கினம். ஊர் போன சனமெல்லாம் கோடாலி தூக்கித் தேசம் சுத்தேல்லை. நிவாரணத்துக்கு வரிசையில நிண்டது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினது, கச்சேரிக்கு மனு எழுதினது, எழுதின மனுவுக்கு மறுமொழி வராமல் இன்னொரு மனு எழுதினது. இதை எழுதினால் விளையாட்டு விறுவிறுப்பாய் இராது எண்டு எனக்கும் தெரியும். ஆனால் ஊரை எரிக்கிறதெண்டால் எரிஞ்ச பிறகு காணி உறுதி ஆரிட்ட இருக்குது எண்டாவது எழுது.

வடக்குக்குப் போனவங்கள் உண்மையில என்ன செய்தாங்கள்? 1956 இல அன்ரனி இராஜேந்திரம் எண்ட குருநகரார் நோர்வேக்குப் போனார். முதல் போன தமிழர் எண்டு அவரைத்தான் சொல்லுவினம். அங்க கண்ட மீன்பிடித் தொழிலை இஞ்ச கொண்டந்து 1967 இல சீநோர் எண்டு தொடங்கி, வள்ளமும் வலையும் செய்விச்சவர். பேந்து 80களில போன பொடியள், உன்ர கொப்பனும் சேத்துத்தான், பின்மார்க்கில சூரியன் எழும்பாத மாசங்களில மீன் ஆலையில நிண்டு மீன் வெட்டினவங்கள். வடக்குக் கடல், கையில கத்தி, அந்நியன்ர சம்பளம், ஊருக்கு உண்டியல். நீ கற்பனை எண்டு எழுதின ஆள் உங்கட வீட்டுச் சாய்மனைக் கதிரையில இருந்து தொலைக்காட்சி பாத்துக்கொண்டிருக்கிறான். ஒரு சொல்லும் அவனிட்டக் கேக்காமல் கொம்புக்காரனிட்டப் போனாய்.

அதால இந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டுப் புதுசாய் எழுது. ஆறரை அடி வேண்டாம், அஞ்சரை காணும், வள்ளத்துக்குள்ள படுக்க வேணும். நாளுக்கு ஒருக்கால் முழுகட்டும். கோடாலியைப் பிறகு கீறலாம், அது ஓடிப்போகாது. முதலில மூண்டு கேள்விக்கு மறுமொழி எழுதிக்கொண்டு வா. அவனுக்குச் சம்பளம் எவ்வளவு? அதை ஆர் குடுக்காமல் விட்டவன்? எவ்வளவு குடுத்தாலும் அவன் செய்யமாட்டன் எண்டது என்ன? முதல் ரெண்டுக்கும் மறுமொழி தெரிஞ்சால் கூலிக்காரன் கிடைப்பான். மூண்டாவதுக்கும் தெரிஞ்சால்தான் ஆள் கிடைப்பான். கொப்பனிட்டக் கேள், மூண்டுக்கும் அவனிட்ட மறுமொழி இருக்கு. அவன் சொல்லாமல் விட்டது நீ கேளாததால.